ஒத்தப்பனைப் பாரில் எடுத்தது

செப்டம்பர் 3, செவ்வாய்

இதை யாராவது வாசிக்க நேர்ந்தால் முதலில் என் கையெழுத்தைப் பொறுத்துக்கொள்ள வேண்டும். எழுத்துகள் கோட்டின் மேல் நிற்க மாட்டேன் என்கின்றன. சில பெரிது, சில சிறிது. 'ழ' எழுதும்போது மூச்சைப் பிடித்துக்கொள்கிறேன். நாற்பது வருடம் வள்ளத்தில் கயிறு இழுத்த கை இது. வலது ஆள்காட்டி விரல் பாதிக்கு மேல் மடங்காது. அந்த விரல் பேனாவைப் பிடிப்பது, நண்டை அது கடிக்காத பக்கமாகப் பிடிப்பதுபோல் இருக்கும்.

என் பெயர் கயத்தான். ஊர் தூத்துக்குடி. வயது அறுபத்தொன்பது. முதியோர் வகுப்பில் ஒன்றரை வருடம் படித்து மார்ச் மாதப் பரீட்சையில் தேறிவிட்டேன். "வாரத்துக்கு ஒரு தடவையாவது எழுதுங்க, இல்லேன்னா கை மறந்துடும்" என்று கலா டீச்சர் சொன்னார். அதற்காகத்தான் இந்த நோட்டு.

இன்று நூலக அட்டை வாங்கினேன்.

நூலகர் பெயர் ரஹ்மத் நிஷா. ஐம்பது வயது இருக்கும். படிவத்தை நீட்டிவிட்டு, கைநாட்டு வைப்பதற்கான மை டப்பாவையும் பக்கத்தில் வைத்தார். என் வயதுக்காரர்களுக்கு அப்படி வைத்துப் பழக்கம் போலிருக்கிறது. நான் டப்பாவை அவர் பக்கமே தள்ளிவிட்டுக் கையெழுத்துப் போட்டேன். போட்டு முடிப்பதற்குள் பின்னால் நான்கு பேர் சேர்ந்துவிட்டார்கள். அவர் கடைசி எழுத்தின் புள்ளி வரைக்கும் காத்திருந்து, "நல்லாருக்கு ஐயா" என்றார்.

வெளியே வரும்போது அறிவிப்புப் பலகையில் ஒரு தாள். முன்பெல்லாம் இப்படிப்பட்ட தாள்களைச் சுவரின் சுண்ணாம்புபோலத்தான் கடந்து போவேன். இன்று நின்று வாசித்தேன். உறுப்பினர்களுக்குக் கட்டணமில்லை, இணையவழி ஆய்வுத் தரவுத்தளங்கள், பழைய புதிய ஆய்விதழ்கள், அட்டை எண் போதும் என்று இருந்தது. எல்லா எழுத்தும் தெரிந்தது. தரவுத்தளம் மட்டும் புரியவில்லை. திரும்ப உள்ளே போனேன்.

"தரவுத்தளம்னா என்னம்மா?"

"ஆராய்ச்சி பண்றவங்க எழுதினதையெல்லாம் ஒரே இடத்துல சேர்த்து வெச்சிருக்கிறது ஐயா. தனியாப் போய்ப் படிச்சா காசு கேப்பாங்க. நம்ம மாவட்டத்துல இருக்கிறவங்க, இந்த அட்டை இருந்தா சும்மாவே பாக்கலாம்."

"பழசும் இருக்குமா?"

"எவ்வளவு பழசு?"

"எழுபத்தொன்பது."

அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார். "அடுத்த செவ்வாய் காலையில வாங்க. கூட்டம் இருக்காது" என்றார்.

வீட்டுக்கு வந்து என் மனைவி ரொசலியிடம் அட்டையைக் காட்டினேன். "ரேஷன் கார்டுக்கு அரிசி குடுப்பாவ. இதுக்கு என்ன குடுப்பாவ?" என்றாள்.

செப்டம்பர் 5, வியாழன்

இன்று மாவு அரைக்கப் போனேன். மில்லின் பெயர்ப்பலகையை வாசித்தேன். முப்பது வருடமாக அந்த மில்லுக்கு வேறு ஏதோ பெயர் என்று நினைத்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

செப்டம்பர் 10, செவ்வாய்

நூலகத்தில் இரண்டு மணி நேரம் இருந்தேன். எதைத் தேடுகிறேன் என்பதை இங்கே எழுதிவைக்க வேண்டும்.

1979 பங்குனியில் ரத்தினம் சார் என்று ஒரு கடல் ஆராய்ச்சிக்காரர் எங்கள் கரைக்கு வந்தார். கடலைப் பற்றி எல்லாம் தெரிந்தவர். ஆனால் கடல் அவருக்கு ஒத்துக்கொள்ளாது. வள்ளத்தில் ஏறிய அரை நாழிகையில் குடலே வெளியே வருவதுபோல் வாந்தி எடுத்தார். அதனால் கரையிலேயே குடைபிடித்து உட்கார்ந்துகொண்டு, சங்கு குளிக்கப் போகிற ஐந்து வள்ளங்களுக்கும் கண்ணாடிப் புட்டிகளைக் கொடுத்துவிடுவார். புட்டியில் ஸ்பிரிட் இருக்கும். அடியில் புதிதாக எது கிடைத்தாலும் உயிரோடு அதில் போட்டுக் கொண்டுவர வேண்டும்.

அப்படி எங்கள் வள்ளத்தில் எடுத்ததுதான் அந்தச் சின்னச் சங்கு. சார் அதைப் பார்த்ததும் குடையைக் கீழே போட்டுவிட்டார். "இது எந்தப் புத்தகத்துலயும் இல்லாதது. இதைப் பத்தி எழுதும்போது உன் பேரைக் கட்டாயம் போடுவேன்" என்றார். நான் என் கையால் எடுத்துக் கொடுத்தேன். அப்புறம் அவர் ஊருக்குப் போய்விட்டார். அவர் எழுதினாரா, பெயரைப் போட்டாரா என்று நாற்பத்தைந்து வருடமாகத் தெரியாது. போட்டிருந்தாலும் எனக்கு வாசிக்கத் தெரியாது. இப்போது தெரியும்.

இந்தக் கதையை நான் பல இடங்களில் சொல்லியிருக்கிறேன். பாதிப் பேர் நம்பவில்லை. அச்சில் இருந்தால் நம்பித்தானே ஆக வேண்டும்.

ரஹ்மத் நிஷா அம்மா அட்டை எண்ணை என்னையே அடிக்கச் சொன்னார். ஒவ்வொரு எண்ணாகத் தேடி அடித்தேன். திரை திறந்தது. பிறகு அவர் ரத்தினம் என்று ஆங்கிலத்தில் அடித்தார். ஆறாயிரத்துச் சொச்சம் வந்தது. ஒரு ரத்தினம் மாட்டுப் பல்லைப் பற்றி எழுதியிருக்கிறார். இன்னொரு ரத்தினம் சிமெண்டு. ஒருவர் எலிகளுக்குத் தூக்கம் வராததைப் பற்றி முப்பது பக்கம் எழுதியிருக்கிறார். எனக்கு அலுக்கவே இல்லை. இத்தனை பேர் இத்தனை விஷயத்தை உட்கார்ந்து பார்த்து எழுதியிருக்கிறார்கள். அத்தனையும் என் அட்டைக்குத் திறக்கிறது.

செப்டம்பர் 11, புதன்

ரொசலி கேட்டாள்: "கெடைச்சா என்ன செய்யப் போறிய?"

"அக்காவுக்குக் கொண்டுபோய்க் காட்டுவேன்."

அவள் வெங்காயத்தை எடுத்து உரிக்க ஆரம்பித்தாள்.

அக்கா செலஸ்தீன் இதே ஊரில் மூன்று தெரு தள்ளி இருக்கிறாள். ஆறு வருடமாக எங்கள் வீட்டுக்கு வரவில்லை. நான் எதிரே வந்தால் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொள்வாள். அவள் கணவர் தொம்மை மச்சான் இறந்த முப்பதாம் நாளிலிருந்து இப்படி. என்ன காரணம் என்று எனக்குத் தெரியாது.

செப்டம்பர் 17, செவ்வாய்

இன்றும் கிடைக்கவில்லை. ஆனால் நல்ல நாள்.

ஊர்ப் பெயரைப் பழைய ஆங்கிலப் பெயரில் அடித்தால்தான் பழைய கட்டுரைகள் வரும் என்று அம்மா கண்டுபிடித்தார். சங்கு என்றும் சேர்த்தார். அப்போதும் தொள்ளாயிரம். என் பெயரை ஆங்கிலத்தில் எப்படி எழுதுவது என்று வாக்காளர் அட்டையைப் பார்த்து எழுதிக்கொண்டு போயிருந்தேன். கேயில் ஆரம்பிக்கும் எட்டு எழுத்து. அதைப் போட்டால் ஒன்றும் வரவில்லை.

"பழைய தாளைப் படம் எடுத்து ஏத்தியிருக்காங்க. எல்லா வார்த்தையும் இயந்திரத்துக்குப் புரியாது. தலைப்பும் முதல் பக்கமும்தான் தேடலாம் ஐயா" என்றார். "வேற யாரும் எழுதியிருக்க முடியாத வார்த்தை ஒண்ணு சொல்லுங்க. அரிசிக்குள்ள கல்லைத் தேடணும்னா கல்லோட பேரு தெரியணும்ல."

எனக்கு எதுவும் தோன்றவில்லை. மச்சான் இருந்திருந்தால் உடனே சொல்லியிருப்பார்.

வரும் வழியில் பேருந்துகளின் பெயரை எல்லாம் வாசித்துக்கொண்டே வந்து என் நிறுத்தத்தைத் தவறவிட்டேன்.

செப்டம்பர் 19, வியாழன்

காலையில் தண்ணீர் லாரி. குடத்தோடு வரிசையில் நின்றேன். எதிரே மேல்நிலைத் தொட்டி. அதற்குப் பின்னால் செல்போன் கோபுரம். வரிசை நகர நகர இரண்டும் ஒன்றை ஒன்று நெருங்கி, ஓரிடத்தில் ஒன்றாகிவிட்டன. நான் குடத்தைக் கீழே வைத்துவிட்டேன்.

கடலில் அடையாளம் வைப்பது இப்படித்தான். கடலடியில் கல் படிந்த மேட்டைப் பார் என்போம். ஒவ்வொரு பாருக்கும் எங்களுக்குள் ஒரு பெயர். அந்தச் சங்கை எடுத்த பாருக்குக் கரையில் ஒற்றைப் பனையும் மாதா கோவில் கோபுரமும் ஒரே கோட்டில் தெரிய வேண்டும். ஒத்தப்பனைப் பார். சார் இடத்தின் பெயரைக் கேட்டு நோட்டில் குறித்துக்கொண்டது இப்போது கண்ணுக்குள் தெரிகிறது.

பின்னால் நின்றவள், "தாத்தா, குடத்தை எடும், இல்ல வழிய விடும்" என்றாள். வழியை விட்டேன். தண்ணீர் இல்லாமல் வீட்டுக்குப் போனேன். ரொசலி திட்டியதை எழுத எனக்கு இன்னும் எழுத்துப் போதாது.

செப்டம்பர் 24, செவ்வாய்

கிடைத்துவிட்டது.

ஓரிரண்டு மணி நேரம் கழித்துத்தான் எழுத உட்கார்ந்தேன். வரிசையாகச் சொல்கிறேன்.

நூலகம் திறக்கும் முன்பே போய் நின்றேன். அம்மா சாவியோடு வந்தார். "ஒத்தப்பனை" என்றேன். அவர் பையைக்கூட மேசையில் வைக்கவில்லை. ஆங்கிலத்தில் மூன்று விதமாக அடித்துப் பார்த்தார். மூன்றாவதில் ஒரே ஒரு வரி வந்தது. எட்டு லட்சம் கட்டுரைக்குள் ஒத்தப்பனை என்று எழுதியவர் ஒரே ஒருவர். 1981. ரத்தினம் சார்.

அம்மா அதைத் திறந்தார். பழுப்பு நிறத் தாள், மூலையில் துருப்பிடித்த ஊசியின் தடம்கூடத் தெரிந்தது. இரண்டாம் பக்கத்தில் படம். கோட்டோவியம். அதே சங்குதான், வாய் ஒரு பக்கம் சாய்ந்து, முதுகில் பல்வரிசை. பக்கத்தில் ஒரு சிறு கோடு போட்டு, உண்மை அளவு இவ்வளவுதான் என்று காட்டியிருந்தார். என் சுண்டுவிரல் நகம் அளவு.

"பொறுங்கம்மா. பேரை நானே கண்டுபிடிக்கேன்" என்றேன். எட்டு எழுத்து எனக்குத் தெரியுமே. அவர் திரையை மெல்ல மேலே தள்ளினார். நான் கேயைத் தேடிக்கொண்டே போனேன். கடைசிப் பக்கத்தில் என்று நினைத்தேன். அங்கே இல்லை. முதல் பக்கத்திலேயே இருந்தது. இரண்டு இடத்தில்.

ஒன்று, எட்டுப் பாகம், அதாவது எட்டு ஆள் ஆழத்தில் முக்குளித்து இதை எடுத்தவர் கயத்தான் என்று. மை கலங்கியிருந்தது, அதனால்தான் இயந்திரத்துக்குப் புரியவில்லை.

இன்னொன்று தலைப்பில். ஆனால் வால் நீண்டிருந்தது. அம்மா அந்த வரியை இரண்டு தடவை வாசித்தார். பிறகு நாற்காலியை என் பக்கம் திருப்பினார்.

"ஐயா, பேரைப் போடுறதுன்னா நன்றி சொல்றதுன்னு நான் நினைச்சேன். இவர் அந்தச் சங்குக்கே உங்க பேரை வெச்சிருக்கார். கயத்தானி. உலகத்துல எங்க போனாலும் அதுக்கு அதான் பேரு."

நான் எழுந்து நின்றுவிட்டேன். செய்தித்தாள் வாசித்துக்கொண்டிருந்த இரண்டு பேர் என்னவென்று கேட்டார்கள். அம்மா சொன்னார். அவர்களும் எழுந்து வந்து திரையைப் பார்த்தார்கள். ஒருவர் என்னிடம் கை குலுக்கினார்.

அம்மா முழுவதையும் தமிழில் சொல்லச் சொல்லக் கேட்டேன். ஓட்டின் நீளம், பல்லின் எண்ணிக்கை, எல்லாம் இருந்தது. ஓரிடத்தில் மட்டும், 'உயிரோடு இருக்கும்போது உடலின் நிறம் என்னவென்று தெரியவில்லை. ஸ்பிரிட்டில் வெளுத்துவிட்டது' என்று எழுதியிருந்தார். நேர்மையான மனிதர். தெரியாததைத் தெரியாது என்றே எழுதியிருக்கிறார்.

அச்சு எடுத்துக் கொடுத்தார். நெஞ்சோடு வைத்துக்கொண்டு நடந்தே வந்தேன்.

செப்டம்பர் 25, புதன்

ரொசலி தெரு முழுக்கச் சொல்லிவிட்டாள். வலை பின்னுகிற இடத்தில், கறிக்கடையில், கோவிலில். "எம் புருஷன் பேருல கடலுக்குள்ள ஒரு பிராணி மேயுது" என்கிறாள். ஒருத்தி, "கரையில ஒண்ணு மேயுதே, அது போதாதா" என்றாளாம். அதையும் சந்தோஷமாக வந்து சொன்னாள்.

நூலகத்திலிருந்து தொலைபேசி. அக்டோபர் பதின்மூன்றாம் தேதி வாசகர் வட்டக் கூட்டத்தில் எனக்குப் பொன்னாடை போடுவார்களாம். நான் பத்து நிமிடம் பேச வேண்டுமாம்.

"அக்காவுக்கு எப்ப கொண்டுபோறிய?" என்று ரொசலி கேட்டாள்.

மழை வரும்போலிருக்கிறது, பிறகு பார்க்கலாம் என்றேன். வானத்தில் ஒரு மேகம் இல்லை.

செப்டம்பர் 28, சனி

பத்து நிமிடப் பேச்சை எழுதிப் பார்த்தேன். முதல் வரி: 'நான் முக்குளித்தேன்.' அதற்கு மேல் வரவில்லை. கை வலி.

அக்டோபர் 1, செவ்வாய்

கை வலி இல்லை. கையெழுத்தில் ஒரு தொந்தரவு இருக்கிறது. வாயால் சொல்லும்போது வார்த்தை காற்றில் போய்விடும். எழுதினால் அங்கேயே உட்கார்ந்துகொண்டு என்னைப் பார்க்கிறது. 'நான் முக்குளித்தேன்' என்பது மூன்று நாளாக என்னைப் பார்த்துக்கொண்டிருக்கிறது.

நான் முக்குளிக்கவில்லை.

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். மலை ஏறப் போனாலும் மச்சான் தயவு வேண்டும் என்பார்கள். கடலில் இறங்கவும் அதுதான். இறங்குகிறவனின் கயிற்றை மச்சினன்தான் பிடிக்க வேண்டும். தன் அக்காளின் தாலிக்காகவாவது அவன் கண்ணை எடுக்காமல் இருப்பான். இறங்கியவர் தொம்மை மச்சான். மேலே கயிறு பிடித்தவன் நான்.

அன்று அவருக்குச் சளி. சளியோடு ஆழம் போகக் கூடாது, காது தாங்காது. ஆனால் முதல் நாள் அந்தச் சங்கின் வெறும் ஓட்டை எடுத்திருந்தார். "உசுரோட ஒண்ணு கண்ணுல பட்டுச்சுல கயத்தான், கல்லு இடுக்குல போயிட்டு. எடுத்துக் குடுத்தா அந்த மனுஷன் எம்புட்டு சந்தோஷப்படுவாரு" என்றார். மூன்று முறை இறங்கினார். நான்காம் முறை வேண்டாம் என்றேன். இறங்கினார். கயிறு அசைந்தது, இழுத்தேன். மேலே வந்தவர் மூடிய கையை என்னிடம் நீட்டினார். நான் வாங்கிப் புட்டியில் போட்டேன். அது என்ன நிறம் என்றுகூட நான் பார்க்கவில்லை. அவர் இடது காதிலிருந்து கழுத்துக்கு ரத்தம் வழிந்துகொண்டிருந்தது. அதைத்தான் பார்த்தேன்.

கரையில் அவர் துண்டைக் காதில் வைத்து வள்ளத்திலேயே படுத்திருந்தார். புட்டியை நான் கொண்டுபோனேன். சார் பெயர் கேட்டார். எங்கள் வள்ளத்தில் ஒரு வழக்கம் உண்டு. குளிக்கிறவன் நனைந்து நடுங்கிக்கொண்டிருப்பான் என்பதால், எடுத்தது எதுவானாலும் கயிறு பிடித்தவன் பெயரைத்தான் கரையில் சொல்வோம். சங்கை எண்ணி வாங்கும் கொட்டகையிலும் அப்படித்தான் பதிவார்கள். அதனால் கயத்தான் என்றேன். அது வழக்கம்.

சார் என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீதான் உள்ள போய் எடுத்தியா?" என்றார்.

ஆமாம் என்றேன். அது பொய்.

மச்சானுக்கு அந்தக் காது அதற்குப் பிறகு கேட்கவில்லை. கடலை விட்டுவிட்டு ஐஸ் கம்பெனியில் வேலை பார்த்தார். அக்கா எப்போதும் அவருக்கு வலது பக்கமாகவே உட்காருவாள். நான் குளிக்கக் கற்றுக்கொண்டு அவர் இடத்துக்குப் போனேன். அந்த இடத்தோடு அந்தக் கதையையும் எடுத்துக்கொண்டேன். அவர் உயிரோடு இருந்தவரை அவர் முன்னால் சொன்னதில்லை. அவர் இறந்த முப்பதாம் நாள், வெளியூரிலிருந்து வந்திருந்தவர்கள் நடுவில் உட்கார்ந்து, நான் எப்படி நான்கு தடவை முக்குளித்தேன் என்று சொன்னேன். அக்கா காப்பித் தட்டோடு வந்தாள். நின்று கேட்டாள். தட்டைத் தரையில் வைத்துவிட்டு உள்ளே போனாள்.

என்ன காரணம் என்று தெரியாது என்று மூன்று வாரம் முன்பு இந்த நோட்டில் எழுதியிருக்கிறேன். அந்த வரியை அடித்துவிடவில்லை. இருக்கட்டும்.

அக்டோபர் 3, வியாழன்

ரஹ்மத் நிஷா அம்மாவிடம் சொல்லிவிட்டேன். பொன்னாடை வேண்டாம் என்றும் சொன்னேன். திட்டப் போகிறார் என்று நினைத்தேன். அவர் கணினிப் பக்கம் திரும்பி அதே இதழைத் திறந்தார்.

"இந்த இதழ் இன்னும் வருது ஐயா. இங்க பாருங்க. வெளிவந்த கட்டுரைல தப்பு இருந்தா யாரும் எழுதலாம், விசாரிச்சுத் திருத்தம் போடுவோம்னு இருக்கு."

"யாரும்னா நானுமா?"

"யாரும்னா யாரும்தான்."

"அப்ப அந்தப் பேரை மாத்திருவாவளா? தொம்மைன்னு?"

அதற்கும் தேடினார். அரை மணி நேரம். அதே தரவுத்தளத்தில் பிராணிகளுக்குப் பெயர் வைக்கும் விதிகள் இருக்கின்றன. ஒருதரம் வைத்த பெயரை, தப்பான ஆளுக்கு வைத்தது என்பதற்காக மாற்ற முடியாதாம். எடுத்தவர் யார் என்பதைத் திருத்தலாம். பெயர் என்றைக்கும் கயத்தானிதான்.

போன வாரம் இதைக் கேட்டிருந்தால் குதித்திருப்பேன்.

"நீங்க தமிழ்ல எழுதிக் கொடுங்க. நான் ஆங்கிலத்துல மாத்தி அனுப்புறேன்" என்றார். என் வாழ்நாளில் முதல் கடிதம்.

அக்டோபர் 6, ஞாயிறு

பூசை முடிந்து வந்து எழுதினேன். நான்கு தாள் வீணானது. ஐந்தாவது இது:

'ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம். நான் கயத்தான். 1981ல் உங்கள் இதழில் வந்த சங்கு பற்றிய கட்டுரையில் அதை நான் முக்குளித்து எடுத்ததாக இருக்கிறது. நான் எடுக்கவில்லை. எடுத்தவர் என் அக்காள் கணவர் தொம்மை. எடுத்ததில் அவருக்கு ஒரு காது போனது. நான் மேலே கயிறு பிடித்தேன். ரத்தினம் சார் கேட்டபோது பொய் சொன்னேன். அவர்மேல் தப்பில்லை. திருத்தி அச்சிட வேண்டுகிறேன்.'

ரொசலியிடம் வாசித்துக் காட்டினேன். தெரு முழுக்கச் சொன்னவள் அவள். கோபப்படுவாள் என்று பயந்தேன். "எனக்கு அப்பவே தெரியும்" என்றாள். "அந்தக் காலத்துல உமக்கு நாலு தடவ மூச்சுப் பிடிக்க எங்க முடியும்?"

அக்டோபர் 8, செவ்வாய்

இன்று நூலகத்துக்குப் போகும் முன் அக்கா வீட்டுக்குப் போனேன்.

வாசலில் உட்கார்ந்து முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்து முக்காட்டை இழுத்தாள். நான் திரும்பிப் போகவில்லை.

"அக்கா, ஒரு கடுதாசி எழுதியிருக்கேன். வாசிச்சுக் காட்டணும்."

"நீ வாசிப்பியோ?"

ஆறு வருடத்தில் அவள் என்னிடம் பேசிய முதல் சொல் அது.

"வாசிப்பேன்."

"வாசி. தப்பா வாசிச்சா எனக்குத் தெரியும்."

"உனக்குத்தான் எழுத்துத் தெரியாதே."

"எழுத்துத் தெரியாது. நடந்தது தெரியும்."

நின்றுகொண்டே வாசித்தேன். 'பொய்' என்ற இடத்தில் குரல் உள்ளே போய்விட்டது. "சத்தமா" என்றாள். மறுபடி வாசித்தேன். முடிந்ததும் கீரையை உருவிக்கொண்டே இருந்தாள். ஒரு காம்பு முழுதும் உருவி முடித்துவிட்டுக் கையை நீட்டினாள். கடிதத்தைக் கொடுத்தேன். "இது இல்ல. படம் இருக்குன்னு ரொசலி சொன்னா."

அச்சுத் தாளைக் கொடுத்தேன். எட்டப் பிடித்துப் பார்த்தாள். பக்கத்திலிருந்த சின்னக் கோட்டைத் தொட்டு, இதுதான் உண்மை அளவு என்றேன்.

"இம்புட்டுத்தானா?" என்றாள். "இதுக்கா காதைக் குடுத்தாரு அந்த மனுஷன்?"

அவள் தோள் குலுங்கியது. அழுகிறாள் என்று நினைத்தேன். சிரித்துக்கொண்டிருந்தாள். பிறகு இரண்டும்.

அந்தச் சங்கின் பெயரே கயத்தானி என்பதையும், அதை இனி மாற்ற முடியாது என்பதையும் சொன்னேன். அதுதான் சொல்லக் கடினமாக இருந்தது. அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "சும்மா நிக்காத, கீரையை உருவு" என்றாள். உட்கார்ந்து உருவினேன்.

"அதுல வேற என்ன எழுதியிருக்கு?"

நினைவிலிருந்து சொன்னேன். நீளம், பல், ஆழம். நிறம் தெரியவில்லை என்று எழுதியிருப்பதையும் சொன்னேன்.

அவள் கை நின்றது. "ஏன் தெரியல?"

"புட்டியில போட்டதும் வெளுத்துட்டு. நானும் பாக்கல. பாத்தது மச்சான் மட்டுந்தான்."

"எனக்குத் தெரியும்" என்றாள். "எத்தன தடவ சொல்லியிருக்காரு. வெத்தல போட்ட நாக்கு மாதிரி செவப்பு. ஓரத்துல மட்டும் மஞ்சக் கோடு, சேலைக்குக் கரை வெச்சாப்பில. உள்ளங்கைல ஒரு தடவ நெளிஞ்சுச்சாம். காது போனத அவரு ஒரு நாளும் சொல்லிக் காட்டினதில்ல. இத மட்டும் சொல்லுவாரு."

நான் உடனே பேனாவை எடுத்தேன். கடிதத்தின் அடியிலேயே எழுத ஆரம்பித்தேன். 'சிவப்பு' என்று எழுதுவதற்குள் அவள் கரை வரைக்கும் மூன்று முறை சொல்லிவிட்டாள்.

"மெதுவா எழுதுத. நான் சொல்லி எம்புட்டு நேரமாச்சு."

"பொறு அக்கா."

"எழுதிட்டியா? இப்ப இதையும் எழுது. பூச்சிக்கு ஓம் பேரு இருந்துட்டுப் போட்டும். செத்தவரு அதை வெச்சு என்ன செய்யப் போறாரு. ஆனா அது செவப்புன்னு சொன்னது அவருன்னு எழுது. அவரு பொண்டாட்டி சொன்னான்னு எழுது."

எழுதினேன். கீழே என் கையெழுத்தைப் போட்டேன். அவள் தாளை வாங்கி, நான் போட்ட கையெழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சொன்னது நானு. என் பேரு கீழ வர வேண்டாமா?"

அங்கிருந்து நேரே நூலகத்துக்குப் போய் அம்மாவிடம் காட்டினேன். நாற்பத்தைந்து வருடமாக யாருக்கும் தெரியாத நிறம் என்றார். வாசித்துவிட்டு மறுபடி முதலிலிருந்து வாசித்தார். ஆனால் சொன்னவரின் கையெழுத்து இல்லாமல் இதழுக்கு அனுப்ப மாட்டாராம். வரும் செவ்வாய் அக்காவை அழைத்து வரச் சொன்னார். அட்டையும் அன்றைக்கே போட்டுத் தருகிறாராம்.

அக்காவுக்கு எழுத்துத் தெரியாது. ஆனால் மதியமே அவள் என் கலா டீச்சரின் வீடு எங்கே என்று ரொசலியிடம் விசாரித்திருக்கிறாள். ஏழு நாள்தான் இருக்கிறது. அவள் மை டப்பாவைத் தொட்டாளா, தள்ளினாளா என்பதை அடுத்த வாரம் நூலகத்திலிருந்து வந்ததும் முதல் வேலையாக இங்கே எழுதுவேன்.